காய்ச்சல் கொப்பி: வீடு முழுக்கத் தடிமன் காய்ச்சல் பரவும் நாட்களில்

இலங்கையில் இன்புளுவென்சா என்கிற தடிமன் காய்ச்சல் வருடத்தில் இரண்டு தரம் ஏறும். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி வரை ஒன்று. கார்த்திகையிலிருந்து தை வரை மற்றது. யாழ்ப்பாணத்தில் ஆட்களைக் குழப்புவது இந்த இரண்டாவது. மாரி மழையோடு டெங்கும் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் சேர்ந்து கூடுகிற காலம் அது. முதல் இரண்டு நாளும் இந்த நாலும் ஒரே மாதிரித்தான் வரும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. எது என்று பிடிபடாத அந்த நாட்களில்தான் வீட்டில் சண்டையும் பதற்றமும். அதைக் கடக்க நாங்கள் நம்புவது ஒரு நாற்பது பக்கக் கொப்பியை.

கொப்பியின் முதல் வரி, காய்ச்சல் தொடங்கிய திகதியும் மணியும். மருத்துவர்கள் நாளை எண்ணுவது 24 மணித்தியாலமாக. செவ்வாய் இரவு 9 மணிக்குத் தொடங்கிய காய்ச்சலுக்கு முதலாம் நாள் புதன் இரவு 9 மணி வரை. வீடுகளில் செவ்வாய் ஒரு நாள், புதன் ஒரு நாள் என்று எண்ணி, வியாழன் காலையிலேயே "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று சொல்லி இரத்தம் குத்துவிக்கிறார்கள். அது உண்மையில் இரண்டாம் நாள். அறிக்கை நல்லதாக வரும், எல்லாரும் ஆறுதலடைவார்கள், டெங்கு என்றால் ஆபத்துத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். முழு இரத்தப் பரிசோதனையை மூன்றாம் நாளில், அதாவது 48 மணித்தியாலம் கடந்த பிறகு, கட்டாயம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் அதுவரை காத்திருக்கக் கூடாது. முதல் நாளே மருத்துவரிடம் போய் இரத்தம் பார்க்க வேண்டும்.

அடுத்த வரி நிறை. பரசிற்றமோல் அளவு வயதால் அல்ல, நிறையால் தீர்மானிக்கப்படும்: ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் 4 தரத்துக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 7.5 மில்லிலீற்றர். போத்தலில் எழுதியுள்ள மில்லிகிராம் அளவை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள், எல்லாப் பாணியும் ஒரே செறிவு இல்லை. குசினித் தேக்கரண்டியால் அளக்க வேண்டாம். சில கரண்டி 3 மில்லி பிடிக்கும், சில 7. பாமசியில் ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். 50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை 2, ஒரு நாளில் ஆகக் கூடியது 8. நிறை குறைந்தவர்களுக்கு ஒரு தரத்துக்கு 1 போதும். ஈரல் வருத்தமோ மதுப்பழக்கமோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கூடுதலாகப் பிழை விடுவது இதில்தான். அப்பாவுக்கு மத்தியானம் அம்மா 2 குளிசை கொடுப்பார், பின்னேரம் மகன் வந்து காய்ச்சலைப் பார்த்துவிட்டு இன்னும் 2 கொடுப்பான், தடிமனுக்கென்று வாங்கிய வேறு குளிசையிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும். கொடுத்த மணியை எழுதினால் இது நடக்காது. பெயர் எழுதாத கடதாசிப் பையில் கலந்து தரும் குளிசைகளை வாங்கவே வேண்டாம். இபுபுறூபன், டைக்கிளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கூடாது. டெங்கு என்றால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகத்துக்குச் சுமை. இதய நோய்க்குத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின் போன்ற அன்ரிபயற்றிக் வைரஸ் காய்ச்சலுக்கு ஒன்றும் செய்யாது.

காய்ச்சலை அக்குளில் டிஜிற்றல் வெப்பமானி வைத்து, காலை, மத்தியானம், பின்னேரம், படுக்க முன் என நாலு தரம் அளந்தால் போதும். அரை மணிக்கு ஒரு தரம் அளப்பது யாருக்கும் உதவாது, வீட்டின் பயத்தைத்தான் ஏற்றும். 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பரனைற், அதற்கு மேல் போனால் காய்ச்சல். குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்தில் 103 பாகை 101 ஆனால் மருந்து வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும், 98.4க்கு இறங்கவில்லையே என்று அடுத்த குளிசையை எடுக்கக் கூடாது.

குடிப்பதையும் கழிப்பதையும் எழுத வேண்டும். 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் சுமார் 2.5 லீற்றர் நீராகாரம் தேவை. இதய, சிறுநீரக நோயாளருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், தேசிக்காய்த் தண்ணி, ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு-சீனித் தூள்) என்று மாற்றிக் கொடுங்கள். ஜீவனிப் பையைப் பாதி பாதியாகப் பிரித்துக் கரைக்கக் கூடாது. பையில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆறிய 1 லீற்றர் சுடுதண்ணியில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து, ஆகவே குவித்து அள்ளாதீர்கள். சிவப்பு, கபில, கறுப்பு நிறப் பானமும் பீற்றூட்டும் இந்த நாட்களில் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா சாயமா என்று இரவு 2 மணிக்கு ஒருவராலும் சொல்ல முடியாது. மல்லித்தண்ணி, வேர்க்கொம்பு, ரசம் எல்லாம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுக்கலாம்; வைரஸை அவை கொல்வதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிப்பதை விட்டுவிடுங்கள், கொதிதண்ணிச் சட்டி சரிந்தால் வரும் தீக்காயம் காய்ச்சலை விடக் கொடியது.

இன்புளுவென்சாவில் இருமல், தொண்டை நோ, மூக்கால் ஓடுதல் முன்னுக்கு நிற்கும். டெங்கில் அவை குறைவு; கண்ணுக்குப் பின் குத்தல், வயிற்றுநோ, சத்தி கூட. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசையைத் தொட முடியாத நோ, கண் சிவப்பு, சலம் (சிறுநீர்) குறைதல். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினாரா என்று கேட்டு எழுத வேண்டும். உண்ணிக்காய்ச்சலுக்கு ஓர் அடையாளம் உண்டு: சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு, அக்குளிலோ கவட்டிலோ மார்பு மடிப்பிலோ. அது நோகாது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. வெட்கம் பாராமல் நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். இருந்தும் இந்த அடையாளங்களை மட்டும் வைத்து வீட்டில் முடிவு கட்ட முடியாது. மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் இவை.

இரத்த அறிக்கை வந்ததும் குருதிச் சிறுதட்டு (பிளேற்லெற்) எண்ணிக்கையைத்தான் எல்லாரும் தேடுவார்கள். 148 என்று அச்சிட்டிருந்தால் அது ஆயிரத்தில். 1,48,000 என்று வாசிக்க வேண்டும். இதை அறியாமல் வெறும் 148தான் இருக்கிறது என்று அழுதபடி வாகனம் பிடித்தவர்கள் உண்டு. ஓர் எண்ணை விட அது போகும் திசை முக்கியம். நேற்று 210, இன்று 148, வெண்குருதி அணுவும் 5,000க்குக் கீழ், குருதி அடர்த்தி (அறிக்கையில் பிசிவி) ஏறுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1,00,000க்குக் கீழ் இறங்கினால் வாட்டில் நிற்க வேண்டியதுதான். டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகாது.

65 வயது கடந்தவர், கர்ப்பிணி, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை, நீரிழிவு, முட்டு வருத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஏற்கெனவே நோயுள்ளவர் ஆகியோர் மூன்றாம் நாளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டாமிவிர் தொடக்கத்தின் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக உதவும், அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே.

வீட்டுக்குள் பரவுவதைத் தடுப்பது கடினம், ஏனென்றால் அறிகுறி வருவதற்கு ஒரு நாள் முன்பே நோயாளி வைரஸைப் பரப்பத் தொடங்கி, 5 முதல் 7 நாள் வரை பரப்புவார். ஆனாலும் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதைக் குறைக்கலாம். மழைக்கும் நுளம்புக்கும் பயந்து யன்னல் எல்லாவற்றையும் பூட்டி வைப்பதுதான் நம் வீடுகளில் பெரிய பிழை. எதிரெதிர் யன்னல் இரண்டைத் திறந்து, நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க விடுங்கள். காய்ச்சல் டெங்காக இருந்தால் அவரைக் கடித்த நுளம்பு மற்றவர்களைக் கடிக்காமலும் இருக்கும். நுளம்புத்திரிப் புகை இருமலைக் கூட்டும். பராமரிக்க ஓர் ஆள் போதும், இருவரும் முகக்கவசம் போட வேண்டும். கோப்பை, துவாய் வேறாக இருக்கட்டும்; சாதாரண சவர்க்காரம் வைரஸுக்குப் போதும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினராக இருந்தாலும் அந்தக் கிழமை நோயாளியைப் பார்க்க வருவோரை விறாந்தையோடு அனுப்புவது மரியாதைக் குறைவு ஆகாது.

கைபேசியில் வரும் செய்திக்கும் ஒரு பக்கம். 2024 மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது, மர்மக் காய்ச்சல், புது வைரஸ் என்று பேச்சு ஓடியது. கொழும்புக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு அது எலிக்காய்ச்சல் என்று சொன்னது; அன்ரிபயற்றிக்குக் கட்டுப்படும், டொக்சிசைக்கிளின் முன்கூட்டிக் கொடுத்துத் தடுக்கக்கூடிய நோய். புது வைரஸ் என்று நம்பி வீட்டுக்குள் ஒளிந்தவருக்கு அந்தக் குளிசை கிடைத்திராது. ஆகவே குரல்பதிவு வந்தால் யார் பேசுகிறார், எந்தத் திகதி, எந்த ஊர் என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டாம். காலையும் மாலையும் ஒரு தரம் செய்தி பார்த்தால் போதும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்து, சந்தேகத்தை அவரிடம் கேளுங்கள். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் யாழ்ப்பாண மாவட்டத்தின் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எண்ணிக்கை தனி வரியாக இருக்கும். ஆய்வுகூட அறிக்கையில் எச்1என்1 என்று கண்டு பதற வேண்டாம். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய அந்த வைரஸ் இப்போது ஆண்டுதோறும் வரும் சாதாரண இன்புளுவென்சாக்களில் ஒன்று.

மூச்சு வாங்குதல், நெஞ்சுநோ, உதடு நீலமாதல், பிதற்றல், வலிப்பு, 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை, விடாத வயிற்றுநோ, எங்கிருந்தாவது இரத்தம், காய்ச்சல் விட்டதும் கைகால் குளிர்தல், விட்ட காய்ச்சல் இருமலோடு திரும்ப ஏறுதல். இதில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். பிள்ளையின் மூச்சை நித்திரையில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்: 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டால் ஆபத்து. விரலில் மாட்டும் ஒட்சிசன்மானி 94க்குக் கீழ் காட்டினாலும் அப்படியே. நகப்பூச்சும் மருதாணியும் குளிர்ந்த விரலும் அதைப் பிழையாகக் காட்டவைக்கும், துடைத்து, சூடாக்கி, மறு விரலில் பாருங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டை இரவில் கண்டுபிடிக்க அவர்கள் படும் பாடு பெரிது. ஜே எனத் தொடங்கும் உங்கள் கிராம அலுவலர் பிரிவு இலக்கம், கிட்டடிக் கோயில் அல்லது சனசமூக நிலையம், எத்தனையாவது ஒழுங்கை என்பதைக் கொப்பி மட்டையிலேயே எழுதுங்கள். ஒருவர் ரோச் லைற்றோடு முகப்பில் நிற்கட்டும். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் உள்ளவர்கள் அறிகுறி முற்றும் வரை காக்காமல், சந்தேகம் வந்த அன்றே கடைசிப் படகுக்கு முன் முடிவெடுக்க வேண்டும். மந்திகைக்கோ தெல்லிப்பளைக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ, எங்கே போனாலும் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு உங்களோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம்.

குளிசை இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் வராவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் போகலாம். இருமல் இன்னும் சில நாள் இழுக்கும். இரண்டு கிழமை தாண்டியும் நின்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்விக்க வேண்டும், அது அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம். எப்போது தொடங்கியது என்று அங்கே கேட்பார்கள். கொப்பியின் முதல் வரியைக் காட்டுங்கள்.