கணிதம் இரண்டு முடிந்த பின்னேரம்: விடையை எப்படி ஒப்பிடுவது, புள்ளியை எப்படி எண்ணுவது

இலங்கையின் க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பரீட்சையின் இரண்டாம் வினாத்தாள் முடிந்து பிள்ளைகள் வெளியில் வந்ததும் பள்ளிக்கூட மதிலோரம் கேட்கும் பேச்சு எந்த வருடமும் ஒன்றுதான். "வரைபுக்கு உனக்கு என்னடி வந்தது?" ஒருத்திக்கு 1.7. மற்றவளுக்கு 1.8. சைக்கிளை எடுக்க வந்தவன் "எனக்கு 3.7 எல்லோ வந்தது" என்கிறான். அதோடு மூன்று பேருக்கும் முகம் வாடிவிடும். 750 பஸ் நெல்லியடி தாண்டுவதற்குள் "அம்மா, கணிதம் போச்சு" என்று போனில் சொல்லியும் முடிந்துவிடும்.

அந்த மூன்று பேரும் அந்தக் கேள்வியின் புள்ளிகளில் பெரும்பகுதியை எடுத்திருக்கக்கூடும். கடைசி விடையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இது தெரியாது. படியைப் படியோடு வைத்துப் பார்த்தால் தெரியும். பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் பிள்ளைகளை இருத்தி நாங்கள் எண்ணிப் பார்க்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறோம். பேப்பர் கஷ்டமாக வந்த வருடங்களில்தான் இது கூடுதலாக உதவும்.

முதலில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம். அதன் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 50. பி பகுதியில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, அதுவும் 50. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம், அதோடு வாசிக்க 10 நிமிடம். ஏ பகுதியில் ஆறில் ஐந்து, பி பகுதியில் ஆறில் ஐந்து, ஆகப் பத்து வினாக்கள், தலா 10 புள்ளி. இரண்டு தாள்களின் புள்ளியையும் கூட்டி இரண்டால் பிரித்து வருவதே இறுதிப் புள்ளி. 75 இலிருந்து ஏ, 65 இலிருந்து பி, 50 இலிருந்து சி, 35 இலிருந்து எஸ், அதாவது சாதாரண சித்தி.

இரண்டால் பிரிப்பதற்கு முன்னுள்ள கூட்டுத்தொகையாக இதை மனதில் வைத்திருந்தால் கணக்கு இலகு: எஸ் எடுக்க 70, சி எடுக்க 100, பி எடுக்க 130, ஏ எடுக்க 150. முதலாம் தாளில் 60 எடுத்த பிள்ளைக்கு இரண்டாம் தாளில் 10 புள்ளி வந்தாலே எஸ் உறுதி. 40 வந்தால் சி. இரண்டாம் தாள் முடிந்து அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அழுகை பாதி அடங்கியபிறகுதான் மற்றதைப் பேசலாம்.

இனி எண்ணும் வேலை. முதலாம் தாளுக்கு விடை எழுதுவது வினாத்தாளிலேயே என்பதால் அது மண்டபத்தோடு போய்விடும். கையில் இருப்பது ஞாபகம் மட்டும். மதிலோரத்தில் வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. ஒருவன் ஒன்பதாம் வினாவின் விடையைச் சொல்ல, மற்றவன் அதைப் பதினொன்றாம் வினாவின் விடை என்று நினைத்துக் கலங்குவான். ஆகவே 25 சிறு வினாக்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டாம். விட்டது எத்தனை, ஊகித்து எழுதியது எத்தனை, மற்றது எத்தனை என்று மூன்று எண்கள் போதும். ஊகித்ததற்குப் பூச்சியம் போடுங்கள். மற்றதிலும் இரண்டு மூன்றைக் கவனயீனத்துக்கென்று கழித்துவிடுங்கள். இந்தப் பகுதிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் தாளின் வினாத்தாள் கையில் இருக்கும். செய்த பத்து வினாக்களுக்கும் நேரே, எந்த உபபகுதி வரைக்கும் போனீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு பகுதியில் ஆறையும் செய்திருந்தாலும் எண்ணும்போது ஐந்தைத்தான் எடுக்க வேண்டும். மற்றப் பகுதியில் நாலுதான் செய்தேன், இங்கே ஒன்று கூட இருக்கிறது, அது ஈடு செய்யும் என்று நினைப்பது பிழை. வினாத்தாளின் முகப்பிலேயே உரிய படிமுறைகளையும் சரியான அலகுகளையும் எழுதும்படி அறிவுறுத்தல் இருக்கிறது. திருத்துபவர் தேடுவதும் அதைத்தான்.

மதிலோரத்து 1.7, 1.8, 3.7 இக்கு வருவோம். வை = எக்ஸ்² − 4எக்ஸ் + 1 என்ற சார்பை வைத்துப் பார்க்கலாம். அட்டவணையில் ஒரு பெறுமானம் விடுபட்டிருக்கும். அதை நிரப்பி, வரைபு வரைந்து, இழிவுப் பெறுமானம் சொல்லி, கடைசியில் வரைபைக் கொண்டு √3 இன் பெறுமானத்தை முதலாம் தசமதானத்துக்குக் காண வேண்டும். வரைபு எக்ஸ் அச்சை வலப்பக்கத்தில் ஏறத்தாழ 3.7 இல் வெட்டும். அந்த இடம் 2 + √3 என்பதால் அதிலிருந்து 2 ஐக் கழித்தால் 1.7. கோடு கொஞ்சம் தள்ளிப் போய் 3.8 என்று வாசித்தவளுக்கு 1.8 வந்தது. அவளிடமும் அட்டவணை, அச்சு, வரைபு, இழிவு, 2 ஐக் கழித்த முறை எல்லாம் இருக்கின்றன. போனால் அந்தக் கடைசி இடத்துப் புள்ளி போகும். 3.7 என்றவன் வெட்டும் புள்ளியைச் சரியாக வாசித்தான், கழிக்க மறந்தான். அவனுக்கும் போவது அவ்வளவுதான்.

அதே வினாவில் உண்மையில் பலரைக் கவிழ்ப்பது அட்டவணையில் விடுபட்ட அந்த ஒற்றைப் பெறுமானம். எக்ஸ் = −1 எனின் வர்க்கம் 1. சிலர் அவசரத்தில் −1 என்றே போட்டு −1 + 4 + 1 = 4 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 6. யார் சரியென்று அறிய சேரிடம் கேட்கத் தேவையில்லை. இந்த வரைபு எக்ஸ் = 2 பற்றிச் சமச்சீர். −1 இலிருந்து 2 இக்கு மூன்று அலகு, 2 இலிருந்து 5 இக்கும் மூன்று அலகு. எக்ஸ் = 5 இல் 6 என்றால் −1 இலும் 6 தான். 4 ஐக் குறித்தவரின் கோடு இடப்பக்க நுனியில் கொஞ்சம் முறிந்து நிற்கும். வரைந்தபோது அந்த முறிவு கண்ணில் பட்டதா என்று நினைத்துப் பாருங்கள். பட்டிருந்தால் அந்தப் பெறுமானத்துக்கும் வளையிக்கும் ஒவ்வொரு புள்ளியைக் கழியுங்கள். பத்தையும் கழிக்காதீர்கள்.

இடை காணும் கணக்கில் இரண்டு பேரின் விடைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே பிழையைக் காட்டிக் கொடுக்கும். 30 நாள் தேங்காய் விற்பனை, நடுவில் 45 ஐ உத்தேச இடையாக எடுத்துக்கொண்டு விலகல் காண்கிறோம், மீடிறனையும் விலகலையும் பெருக்கிக் கூட்டினால் −90 வருகிறது என்று வையுங்கள். −90 ஐ 30 ஆல் பிரித்தால் −3. 45 இலிருந்து 3 குறைய, இடை 42. தோழிக்கு 48 வந்திருக்கிறது. வித்தியாசம் 6, அதாவது 3 இன் இருமடங்கு. அப்படியென்றால் ஒருவர் மறைக் குறியை விட்டிருக்கிறார், நிரலிலே வேறெந்தப் பிழையும் இல்லை. நடுப்பெறுமானம், விலகல், பெருக்கம், கூட்டுத்தொகை எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்கிறது. அடுத்த உபபகுதியில் 42 ஐ 30 ஆல் பெருக்கி 1260 எடுக்க வேண்டிய இடத்தில் 48 ஐப் பெருக்கி 1440 எழுதியிருந்தாலும், முறை சரியென்பதால் அங்கே முழுவதும் போய்விட்டதென்று எண்ண வேண்டியதில்லை. வித்தியாசம் இப்படி ஒழுங்காக வராமல் 1.4, 2.3 என்று வந்தால் மீடிறன் நிரலிலோ கூட்டலிலோ பிழை. அதைத் தேடி இரவை வீணாக்க வேண்டாம், இரண்டு புள்ளியைக் கழித்துவிட்டுப் போகலாம்.

மடக்கையில் வரும் பிழை கொஞ்சம் பாரதூரமானது. கணிகருவிக்கு அனுமதி இல்லை, எல்லாம் அட்டவணைதான். 0.345 இன் வர்க்கமூலம் காணும் படியை எடுங்கள். மடக்கை பார் 1.5378 (முழுவெண் மட்டும் மறை, அதாவது −1 + 0.5378). இதை இரண்டால் பிரிக்கும்போது பார் 1 ஐப் பார் 2 ஆக்கி, தசமப் பக்கத்துக்கு 1 ஐக் கொடுத்து, 1.5378 ஐப் பிரிக்க வேண்டும். வருவது பார் 1.7689. முரண்மடக்கை 0.5874. பார் 1 ஐ அப்படியே விட்டுவிட்டு 0.5378 ஐ மட்டும் பிரித்தவருக்குப் பார் 1.2689 வரும், விடை 0.1857. ஒன்றிலும் சிறிய நேர் எண்ணின் வர்க்கமூலம் அந்த எண்ணை விடப் பெரிதாகத்தான் இருக்கும். 0.1857 என்பது 0.345 ஐ விடச் சிறிது. ஆகவே அது பிழை. மடக்கை எடுத்த படிகளுக்கும் சமன்பாடு எழுதிய படிக்கும் புள்ளி உண்டு. பிரித்ததற்கும் இறுதி விடைக்கும் இல்லை. கனவளவு வினாவில் இது நடந்திருந்தால் மூன்று வரைக்கும் கழியுங்கள்.

கேத்திரகணித நிறுவலில் ஒப்பிடுவதற்குக் கடைசி விடை என்று ஒன்றில்லை. அதனால் பிள்ளைகள் இரண்டு வகையாகப் பிழைவிடுகிறார்கள். ஒருத்தி "நான் வேற வழியால செய்திட்டன்" என்று பயப்படுவாள். வழி வேறானால் ஒன்றுமில்லை, தர்க்கம் அறுபடாமல் போனால் புள்ளி கிடைக்கும். மற்றவன் "முழுக்கச் செய்திட்டன்" என்று பத்தையும் போடுவான், ஆனால் எந்த வரிக்கும் காரணம் எழுதியிருக்கமாட்டான். இவனுக்குத்தான் கவனம் தேவை. கோணங்கள் சமன் என்றோ கூட்டினால் 180 பாகை என்றோ எழுதினால் பக்கத்திலே ஒரே துண்டக் கோணங்கள் என்றோ வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்கள் மிகைநிரப்பும் என்றோ இருக்க வேண்டும். ஒருங்கிசைவுக்கு ப.கோ.ப. (பக்கம், கோணம், பக்கம்) என்று எழுதும்போது அந்தக் கோணம் உண்மையில் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருந்ததா என்று படத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். ப.ப.கோ. என்று எழுதியிருந்தால் அது நிபந்தனையே அல்ல.

அமைப்பு வினாவில் "உனக்கு ஆரை எவ்வளவு?" என்று கேட்பதில் பயன் குறைவு. 3.2 சென்ரிமீற்றரும் 3.3 உம் பென்சில் கூரைப் பொறுத்து மாறும். கவராயத்தால் போட்ட வில்கள் தாளில் தெரிகின்றனவா என்பதே கேள்வி. துப்புரவாக இருக்கட்டும் என்று வில்லை அழித்த பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். 60 பாகையைப் பாகைமானியால் வைத்து வரைந்தவர்களும் அப்படித்தான். அவர்கள் அந்தப் படியின் புள்ளியை எண்ண வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. நிகழ்தகவில் 6/20 உம் 3/10 உம் ஒன்றே, அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் ஒருவருக்குப் பின்னத்தின் பகுதியில் 90 உம் மற்றவருக்கு 100 உம் வந்திருந்தால், எடுத்த பந்தை மீள வைத்தாரா இல்லையா என்பதில் ஒருவர் வினாவைப் பிழையாக வாசித்திருக்கிறார். பங்குகளில் முதலீட்டைச் சந்தை விலையால் பிரித்தால்தான் பங்குகளின் எண்ணிக்கை. விருத்தியில் உறுப்புகளின் எண்ணிக்கை 12.5 என்று வந்திருந்தால் முன்னுக்கு எங்கோ பிழை.

இப்படிக் குறித்து முடிக்க நாற்பது நிமிடம் காணும். அதற்கு மேல் அன்றிரவு இந்தத் தாளோடு இருக்கக்கூடாது, அடுத்த பாடம் காத்திருக்கிறது. வட்சப்பில் வரும் விடைகளை அன்று திறக்கவே வேண்டாம் என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வோம். முதலில் வருபவை அவசரத்தில் செய்தவை. யாரோ ஞாபகத்திலிருந்து சொன்ன எண்களை வைத்து முதலாம் தாளுக்கு விடை போட்டிருப்பார்கள், அதில் ஓர் எண் மாறினாலும் சரியாகச் செய்த பிள்ளை தான் பிழையென்று நம்பிவிடும். பரீட்சைத் திணைக்களம் பின்னர் வெளியிடும் புள்ளியிடும் திட்டந்தான் நம்பத்தக்கது.

"பேப்பர் கஷ்டமெண்டால் எல்லாருக்கும் குறையும்தானே, பயமில்லை" என்று உயர்தர அண்ணாமார் ஆறுதல் சொல்வதும் வழக்கம். அது அவர்களின் இசற் (Z) புள்ளிக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே மற்றவர்கள் எடுத்த புள்ளியின் இடையோடும் நியம விலகலோடும் ஒப்பிட்டுத்தான் கணிக்கிறார்கள். சாதாரண தரத்தில் இசற் புள்ளி கிடையாது. ஆகவே மற்றவருக்கு எத்தனை வரும் என்று விசாரிப்பதை விட்டுத் தன் படிகளை எண்ணுவதே பிள்ளைக்கு உதவும். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம்: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விடையைப் போனில் கேட்டுவந்து இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

பென்சிலால் குறித்த அந்த வினாத்தாளை எறிய வேண்டாம். கூட்டுத்தொகையையும் திகதியையும் முகப்பில் எழுதி, கொப்பிகளோடு வைத்துவிடுங்கள். பெறுபேறு வந்தபின் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதா என்று முடிவெடுக்க அதுதான் ஆதாரம். கூட்டுத்தொகை 148 என்று எண்ணியிருந்து பெறுபேறு பி என்றால் அது எதிர்பார்த்ததே, விண்ணப்பிப்பதற்கு அங்கே காரணம் குறைவு. 138 என்று, கழிக்க வேண்டியதெல்லாம் கழித்து எண்ணியிருந்து எஸ் வந்தால் விண்ணப்பியுங்கள். திணைக்களம் அறிவிக்கும் முடிவுத் திகதிக்கு முன் செய்ய வேண்டும். சுட்டெண்ணை அனுமதி அட்டையைப் பார்த்தே நிரப்புங்கள், ஞாபகத்தில் எழுத வேண்டாம்.