பாயைக் கோணலாகச் சுருட்டினால்

பொங்கலுக்கு வலங்கைமான் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். நெல் காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கிட்டிருக்கும்போது அப்பாயி மறுபடி அதே கேள்வி: "அஞ்சு வருசமா அப்படி என்னதான்டா படிக்கிறே?"

"இந்தப் பாய்தான் அப்பாயி. கரி அணுவால ஒரே அடுக்கா பின்னுன பாய். சுருட்டினா கார்பன் நானோகுழாய்."

ஒரே ஒரு பாய் சுருட்டின ஒற்றைச் சுவர்க் குழாயோட குறுக்களவு ஒரு நானோமீட்டர் சுமார், அதாவது மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா, மின்வில்லில் (ரெண்டு கரிமுனைக்கு நடுவுல பாயுற மின்பொறி) படிஞ்ச கரிக்குள்ள, ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கிற பல சுவர்க் குழாய்களைப் பார்த்து எழுதின பிறகுதான் எல்லாரும் இதன் பின்னால ஓடினாங்க. (சோவியத் ஆய்வாளர்கள் 1952-லேயே இந்த மாதிரிக் குழாயோட படத்தை வெளியிட்டிருந்தாங்க. யாரும் கண்டுக்கல, பாவம்.)

எனக்கு இன்னும் வியப்பு அடங்காத இடம் வேற. அதே கரிதான், ஆனா சுருட்டுற கோணம் மாறினா குணமே மாறிடும். ஒரு கோணத்துல உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும். இன்னொண்ணுல சிலிக்கான் மாதிரி குறைக்கடத்தி.

"பலமா இருக்குமா?"

தனிக் குழாய் எஃகைவிடப் பல மடங்கு. கயிறாத் திரிச்சாதான் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி, பலம் பெரும்பாலும் போயிடுதுன்னேன்.

"வைக்கப்பிரி முறுக்கத் தெரியாதவன் முறுக்குனாப்ல" என்றாங்க. என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே அதுதான்!

இப்போதைக்கு லித்தியம் பேட்டரி மின்முனையில மின்சாரம் நல்லாக் கடத்த இந்தக் குழாயைச் சேர்க்கிறாங்க. நீளமான குழாய்கள் எலிகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி அழற்சி உண்டாக்கினதா 2008-ல் ஒரு ஆய்வு வந்துச்சு, அதனால முகக்கவசம் போட்டுத்தான் வேலைன்னும் சொன்னேன்.

"நல்லா இறுக்கிக் கட்டு" என்று சொல்லிட்டு, முந்தானையை மூக்கில் சுத்திக்கிட்டுப் பதர் தூத்தப் போயிட்டாங்க.