புள்ளியியலைக் கற்பிக்க நான் ஏன் விரும்புகிறேன்

கணிதம் கற்பிக்கும் நண்பர்கள் பலர், தமக்கு ஒதுக்கப்படும் பாடங்களில் புள்ளியியலைத்தான் கடைசி இடத்தில் வைக்கிறார்கள். நிரூபணத்தின் அழகு அதில் இல்லை என்றும், சூத்திரத்தில் எண்களை இட்டுக் கணக்குப் போடும் வேலையே மிகுதி என்றும் சொல்கிறார்கள். நானோ வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பாடத்தையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு விடையைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இவ்வளவு முறையாகச் சொல்லித்தரும் பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கண்டறியும் பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டிவிடும். நோய் இல்லாதவர்களிலும் 9 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடும். ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்திருக்கிறது என்றால், அவருக்கு அது உண்மையிலேயே இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? வகுப்பில் பெரும்பாலோர் தயங்காமல் 90 என்பார்கள். ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு தலைகளை எண்ணச் சொல்வேன். நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் சுமார் 89 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். ஆக, நோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட 98 பேரில் ஒன்பது பேருக்குத்தான் நோய் இருக்கிறது. பத்து விழுக்காடுகூட இல்லை. இத்தகைய கணக்கில் மருத்துவர்களே பலர் தவறியதையும், விழுக்காட்டை விட்டுவிட்டு இவ்வாறு ஆட்களின் எண்ணிக்கையாகத் தந்தபோது சரியாகச் சொன்னவர்கள் கூடியதையும் ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கற்பிப்பவரை இது எவ்வளவு ஊக்கப்படுத்தும் செய்தி என்று எண்ணிப் பாருங்கள். மாணவரின் அறிவும் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. சொல்லும் முறை மாறியதும் புரிந்துவிடுகிறது. ஆசிரியரின் சொல்லுக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் இடங்கள் அதிகம் இல்லை.

இந்தப் பாடத்தில் உள்ளுணர்வு தோற்பதை வகுப்பறையிலேயே நிகழ்த்திக் காட்ட முடியும் என்பது எனக்குப் பிடித்த இன்னொன்று. மாணவர்களில் பாதிப் பேர் 200 முறை நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று எழுதிவைக்க வேண்டும். மீதிப் பேர் சுண்டாமலே மனம்போனபடி 200 முடிவுகளை எழுதிவைக்க வேண்டும். எழுதி முடிக்கும்வரை நான் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, எந்தத் தாள் உண்மையானது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவேன். உண்மையான 200 சுண்டல்களில் தொடர்ந்து ஆறு பூவோ ஆறு தலையோ ஓரிடத்திலாவது வந்துவிடுவதற்கான வாய்ப்பு 95 விழுக்காட்டுக்கும் மேல். கற்பனையாக எழுதுபவர்களோ நான்கு பூ சேர்ந்து வந்தாலே சந்தேகப்பட்டு ஒரு தலையை இடையில் வைத்துவிடுகிறார்கள். தற்செயல் இவ்வளவு கொத்துக்கொத்தாக இருக்குமா என்று அவர்கள் வியக்கும்போது, நான்கு மாத விற்பனை உயர்வையோ தொடர்ந்த மூன்று வெற்றிகளையோ பார்த்துக் காரணம் கற்பிக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேச வழி பிறக்கிறது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு நடந்த முதுநிலைச் சேர்க்கையையும் தவறாமல் சொல்வேன். விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் பெரிய இடைவெளி காணாமல் போயிற்று. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். மொத்தமும் பொய்யில்லை, பிரித்ததும் பொய்யில்லை. அப்படியானால் பெண்கள் ஏன் அந்தத் துறைகளில் குவிந்தார்கள் என்ற அடுத்த கேள்வியை மாணவர் ஒருவர் தானாகவே எழுப்பிவிட்டால், அன்றைய வகுப்பு எனக்கு நிறைவானது.

இவையெல்லாம் சுவையான புதிர்களாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அக்கறை இருந்திருக்காது. 1999இல் இங்கிலாந்தில், தம் இரு கைக்குழந்தைகளையும் கொன்றதாக ஒரு தாய் தண்டிக்கப்பட்டார். அவருடையதைப் போன்ற குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர் மரணம் ஒரு குழந்தைக்கு நேர்வது 8,543இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு குழந்தைகளும் அவ்வாறு இறப்பது 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். இரு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே குடும்பத்தில் அப்படிக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. மேலும், அந்த எண்ணைத் தாய் குற்றமற்றவராக இருப்பதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரும் பிழை. 2001இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. மறைந்திருந்த மருத்துவச் சான்று வெளிப்பட்ட பிறகு, 2003இல் அவர் விடுதலையானார். சார்பற்ற நிகழ்ச்சிகளின் பெருக்கல் விதி பாடநூலில் அரைப் பக்கம்தான். அதை நான் ஒரு முழு வகுப்பு நடத்துவது இதனால்தான்.

என் மாணவர்களில் மிகச் சிலரே புள்ளியியலாளர் ஆவார்கள். எனவே எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிடும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன். அதைக் கணினி செய்துவிடும். தேர்வில் ஓர் அட்டவணையையும் அதிலிருந்து ஒருவர் எடுத்த முடிவையும் தந்து, இந்தத் தரவு யாரிடமிருந்து திரட்டப்பட்டது, யார் விடுபட்டிருக்கலாம், முடிவை ஏற்குமுன் வேறு எந்த எண் தேவை என்று கேட்கிறேன். திருத்துவதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. ஒரே விடை எல்லோருக்கும் வருவதில்லை. ஆனாலும் அந்த விடைத்தாள்களைத்தான் நான் ஆவலோடு படிக்கிறேன்.