நகைக் கடன் கவுன்டரிலிருந்து பிளஸ் ஒன் வகுப்புக்கு: என் பிஜி டிஆர்பி வணிகவியல் அனுபவம்

பிஜி டிஆர்பி, அதாவது அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு. அதன் தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் என் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டேன். முன்பே எழுதியிருந்தால் பாதிக்கு மேல் புலம்பலாகத்தான் இருந்திருக்கும். நிதி நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே "டீச்சராகப் போயிடலாமா" என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தேர்வு அமைப்பு, பாடத்திட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் நகைக் கடன் பிரிவில் இருந்தேன். ஏலம் முடிந்த மறுநாள் ஒரு அம்மா பணத்தோடு வந்து நின்றார். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருந்தது. விதிப்படி எல்லாம் சரி. "கடன் போக மீதி உங்க கணக்குல வரும்மா" என்றேன். "தாலிக்கொடிக்கு ஏதும்மா மீதி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நாளில் முடிவெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு டார்கெட் மீட்டிங்கில் உட்கார முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தேர்வில் பாடத்தைவிடக் காத்திருப்புதான் கடினம். வணிகவியலுக்கு எம்.காம். இருந்தால்தான் பி.எட். சேர முடியும். பி.எட். இரண்டு வருடம், நேரில் போய்ப் படிக்க வேண்டும். தொலைதூரக் கல்வியில் பி.எட். என்பது ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கானது, கவுன்டரில் இருப்பவர்களுக்கு இல்லை. படித்து முடித்தாலும் தேர்வு வருடா வருடம் வராது. 2019 செப்டம்பருக்குப் பிறகு 2022 பிப்ரவரி, அதற்குப் பிறகு 2025 அக்டோபர்தான். நடுவில் வீட்டில் எல்லோரும் ஜோசியராகி விடுவார்கள். "ஏசி ரூமை விட்டுட்டு சாக்பீஸ் தூசிக்குப் போறேன்னு நின்னியே, இப்ப அதுவும் இல்லையே" என்று என் மாமியார் கேட்டதில் தப்பில்லை, கணக்கு அப்படித்தான் இருந்தது.

அதனால் ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்:

- ஈஎம்ஐ ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. நான் வண்டியை விற்றே அடைத்தேன். மற்ற எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.
- குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்த பிறகு விலகுங்கள்.
- பி.எஃப். பணத்தை உடனே எடுக்காதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவை இல்லையென்றால் வரியும் சேரும்.
- நிறுவனத்திடம் விடுவிப்புக் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். பிறகு போனால் ஊழியர்களே மாறியிருப்பார்கள்.

படிப்பில் நான் நம்பியது ஒன்றைத்தான்: கல்வி உளவியல் 30 மதிப்பெண். பாடத்தின் 110-இல் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். தரவரிசை நகர்வது இங்கே. (பாடத்தில் 105 எடுப்பவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) பெயர்களையும் கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்ய எனக்கு வராது. எங்கள் கிளையில் இருந்த ஆட்கள் மேல் ஒட்டினேன். டார்கெட் பிடித்தால் பரிசுக் கூப்பன், அது ஸ்கின்னரின் நேர்மறை வலுவூட்டல். டார்கெட் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி ரத்து, அது எதிர்மறை வலுவூட்டல். மெமோ கொடுத்தால் தண்டனை. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எங்கள் மண்டல மேலாளர் புண்ணியத்தில் எனக்கு அந்தக் குழப்பமே வரவில்லை.

கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சியும் அப்படித்தான். கேமரா இருக்கிறது என்பதற்காகப் பணத்தில் கை வைக்காதவர் முதல் நிலை. "சர்க்குலர்ல இருக்கு மேடம்" என்று எதற்கும் சொல்பவர் நான்காம் நிலை. சர்க்குலர் அனுமதித்தாலும் இந்த ஏலம் நியாயமில்லை என்று வாதாடுபவர் அதற்கும் மேலே. அந்த மேல் நிலையில் எங்கள் கிளையில் யாரும் இல்லை, நான் உட்பட.

தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். 50-க்கு 20 வராவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு முறை முழுதாகப் படித்தாலே போதும்.

காத்திருந்த காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். முதுகலை ஆசிரியருக்கு மாதம் 18,000. பழைய சம்பளத்தோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் பயிற்சி மையம் எதிலும் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

வட்டி நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், எங்கம்மா பூக்கடைக்குத் தண்டல் வாங்கியிருக்காங்க. பத்தாயிரம்னு எழுதி ஒன்பதாயிரம் குடுத்தாங்க, தினம் நூறு, நூறு நாள். வட்டி பத்து பர்சன்ட்தானே?" என்றான். கரும்பலகையில் நாள்வாரியாகப் போட்டோம். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது, கையில் இருப்பது சராசரியாகப் பாதித் தொகைதான், காலமோ மூன்று மாதம் சொச்சம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்போ மாசம் ரெண்டு ரூபா வட்டின்னா, வருஷத்துக்கு இருபத்து நாலா மிஸ்?" என்றாள். எத்தனையோ கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், கவுன்டரில் ஒருவர்கூட இதை என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

தேர்வு நாளுக்குச் சில குறிப்புகள்:

- இந்த வரிசையில் எழுதுங்கள்: உளவியல், பொது அறிவு, பாடத்தின் கோட்பாட்டுக் கேள்விகள், கடைசியில் கணக்குகள். நம்மைப் போன்றவர்கள் கணக்கைப் பார்த்தால் விட மாட்டோம், நேரம் அங்கேதான் போகும்.
- மைனஸ் மதிப்பெண் இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.
- மேலாண்மைக் கோட்பாட்டாளர்களான டெய்லர், ஃபயோல் (அவருடைய 14 கொள்கைகள்), மேயோ: எம்.காம். முடித்த தெம்பில் இவற்றைத் தொடாமல் விடுபவர்கள் அதிகம்.
- சான்றிதழ் சரிபார்ப்புக்கு நகல்களை முன்பே எடுத்துப் போங்கள். மையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வரிசை தெரு முனை வரை நிற்கும்.

சம்பளம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அடிப்படை 36,900, அதற்கு மேல் அகவிலைப்படி. நான் விட்டு வந்ததைவிடக் குறைவுதான். மாமியாரிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை, கலந்தாய்வில் ஊர் எது என்று தெரிந்த பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.