தோளில் தொங்குவதும் இடுப்பில் உட்காருவதும்

பறவைப் படம் எடுக்க லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது எடை. மொத்த எடையைக்கூட அப்புறம் பார்க்கலாம். அந்த எடை லென்ஸின் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

600 எம்எம் எஃப்/4 லென்ஸ் ஏன் அப்படிக் கனக்கிறது? 600 என்பது குவியத்தூரம்; எஃப் எண் சின்னதாக ஆக உள்ளே வரும் வெளிச்சம் கூடும். 600ஐ 4ஆல் வகுத்தால் 150. முன்கண்ணாடி 150 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது. எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. போதும். நிக்கானின் 600 எஃப்/6.3 பிஎஃப் (லென்ஸைச் சின்னதாக்கும் தனிவகைக் கண்ணாடி கொண்டது) ஏறக்குறைய ஒன்றரை கிலோதான். கேனனின் 600 எஃப்/4 இரண்டாம் பதிப்பு 3.92 கிலோ, மூன்றாம் பதிப்பு 3.05. மூன்றாம் பதிப்பில் கனமான கண்ணாடிகளைக் கேமரா பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். கையில் எடுத்ததுமே தெரியும், மூக்கு முன்னைப்போலக் கீழே இழுக்காது.

சுமக்கும்போது என் தோளுக்கு வேலை கிடையாது. பேக்கை மாட்டியதும் முதலில் இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்குவேன். தோள்பட்டை வார்களை அதன் பிறகுதான் இழுப்பேன், அதுவும் பேக் பின்னால் சாயாத அளவுக்கு மட்டும். பெரிய லென்ஸ் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் மேடு ஏறும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். இரண்டாவது கேமரா, ஃபிளாஷ், அகலக்கோண லென்ஸ் எல்லாம் வீட்டில். தண்ணீரில் மட்டும் கை வைக்க மாட்டேன், லிட்டருக்கு ஒரு கிலோ என்றாலும் சரி.

வெளியே எடுத்த பிறகு ஸ்ட்ராப் கேமராவில் அல்ல, லென்ஸ் காலரின், அதாவது லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தின், பாதத்தில். கேமராவைப் பிடித்துத் தூக்கினால் மொத்த பாரமும் மவுண்ட்டில், அதாவது கேமராவும் லென்ஸும் சேரும் இடத்தில், விழும். பாதத்தின் திருகைப் போகிற வழியில் அடிக்கடி விரலால் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ட்ரைபாடோடு லென்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவர்கள் நிறைய. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும்! எனக்கு ஒத்துவராது; முதுகுக்குப் பின்னால் எந்தக் கிளையில் இடிக்கிறது என்று தெரியாது.

பஞ்சுருட்டானுக்கு ட்ரைபாடும் கிம்பலும் (பெரிய லென்ஸைச் சமநிலையில் தாங்கி, எளிதாகத் திருப்ப விடும் ட்ரைபாட் தலை) சரி. பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பி வரும், அதைக் கிளையில் அடித்துவிட்டுத்தான் விழுங்கும். கிளையைக் குறிவைத்துக் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். தகைவிலானிடம் இது நடக்காது. அது திரும்புகிற வேகத்துக்குக் கை கூடவே போக வேண்டும்; கை சோர்ந்துவிட்டால் பறவை சட்டத்தை விட்டு நழுவும், அதிர்வுத் தடுப்பு அதற்கு ஒன்றும் செய்யாது. முட்டி போட்டு, இடது முழங்கையை முழங்காலில் ஊன்றினால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கலாம்.

அப்படியானால் எஃப்/4 வேண்டாமா? விடியும் முன், அடர்ந்த நிழலில், தரையில் மேயும் பறவைக்கு வேண்டும். எஃப்/4இல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 போதுமென்றால் எஃப்/6.3இல் 8000 கேட்கும். அந்த மாதிரி இடத்துக்குப் பெரியதைத் தூக்குவேன், மறைவிடம் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தால்.