அம்மா சமையல் காரணம் இல்ல

ஜூன் 2, 2024

அப்பாவுக்கு ஏஎல்எஸ், தசைய அசைக்கற நரம்பு செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற வியாதி. அதுக்கு ரிலுசோல்ங்கற மாத்திரை ஆரம்பிச்சு இன்னையோட பன்னண்டு நாள். காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 50 மில்லிகிராம், வெறும் வயித்துல. அஞ்சரைக்கே காப்பி குடிச்சு பழகின மனுஷன் மாத்திரைய போட்டுட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. இடது கையால சட்டை பட்டன் போட முடியல. தோள்ல தோலுக்கு அடியில சதை துடிச்சிட்டே இருக்கு, தூங்கும்போது கூட.

மத்தியானம் அத்தை போன் பண்ணாங்க. "குளூட்டமேட்டாலதான் இந்த வியாதியாமே, அதானே அஜினமோட்டோ? அண்ணி ஃப்ரைடு ரைஸுக்கு போடுவாங்களே"ன்னு கேட்டாங்க. ஸ்பீக்கர்ல இருந்துச்சு, அம்மா கேட்டுட்டாங்க. ஒண்ணுமே பேசல, உள்ள போய் பாக்கெட்ட எடுத்து குப்பைல போட்டாங்க.

ஜூன் 4

ரெண்டு நாளா இதையேதான் படிக்கறேன். சாப்பாட்டுல வர்ற குளூட்டமேட்ட பெரும்பாலும் குடலே செலவு பண்ணிடுது, மிச்சம் ரத்தத்துலேந்து மூளைக்குள்ள லேசுல நுழைய முடியாது. தக்காளிலயே இருக்குங்க அது! மூளையும் தண்டுவடமும் தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்குது, ஒரு நரம்பு அடுத்த நரம்ப தட்டி எழுப்பறதே அத வச்சுதான், எழுப்பினதும் பக்கத்துல இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்லுங்க ஈஏஏடி2ங்கற பம்பால அத உறிஞ்சி எடுத்துடணும். 1990கள்ல அமெரிக்காவுல ராத்ஸ்டீன் குழு, ஏஎல்எஸ்ல இறந்தவங்க உடம்புல பாத்தப்போ பல பேருக்கு அந்த பம்ப் ரொம்ப குறைஞ்சிருந்துச்சு. அப்போ குளூட்டமேட் அங்கயே தேங்கி நரம்ப விடாம தட்டிக்கிட்டே இருக்கும்.

ஜூன் 5, ராத்திரி

குளூட்டமேட் நரம்புல போய் தட்டற கதவுக்கு பேரு ஆம்பா ரிசப்டர். நாலு துண்டு சேந்தது. குளூஏ2ங்கற துண்டு சரியா இருந்தா கால்சியம் உள்ள வராது, ஆனா அது சரியா இருக்கணும்னா அத செய்யற குறிப்பான ஆர்என்ஏல ஒரே ஒரு எழுத்த அடார்2ங்கற என்சைம் திருத்தணும். 2004ல ஜப்பான்ல, ஏஎல்எஸ்ல இறந்தவங்களோட மோட்டார் நியூரான, அதாவது தசைய அசைக்கற நரம்பு செல்ல, ஒண்ணொண்ணா பிரிச்சு பாத்திருக்காங்க, நிறைய செல்லுல அந்தத் திருத்தம் முழுசா நடக்கல. ஒரே ஒரு எழுத்து. அப்புறம் கால்சியம் புகுந்து செல்லையே கொல்லுது.

மோட்டார் நியூரானுக்கு கால்சியத்த பிடிச்சு வைக்கற புரதமும் கம்மி. கண்ண அசைக்கற நியூரானுக்கு அது அதிகம், கண்ணசைவு பெரும்பாலும் தப்பிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்ங்கறாங்க. படிச்சிட்டு போய் தூங்கற அப்பா பக்கத்துல ரொம்ப நேரம் நின்னேன்.

குளூட்டமேட் நோய தொடங்கி வைக்குதா, இல்ல நடுவுல வந்து சேருதாங்கறது இன்னும் முடிவாகல. பம்ப கூட்டும்னு நம்பின செஃப்ட்ரையாக்சோன்ங்கற மருந்து பெரிய பரிசோதனைல தோத்துச்சு. ஆம்பாவ அடைக்கற டாலம்பனெலும் தோத்துச்சு. குளூட்டமேட் வெளியாகறத குறைக்கற ரிலுசோல் மட்டும் நின்னுச்சு, 1995ல அமெரிக்காவுல அனுமதி. பரிசோதனைகள்ல கிடைச்சது ரெண்டு மூணு மாசம் கூடுதல் ஆயுசு. அந்த ரெண்டு மூணு மாசம் எங்களுக்கு வேணும்.

ஜூன் 9

"அப்போ சாப்பாட்டால வரவே வராதாடி?"ன்னு அம்மா கேட்டாங்க. பொய் சொல்ல மனசு வரல, பாக்க துவரம் பருப்பு மாதிரியே இருக்கற கேசரிப் பருப்பு கதைய சொன்னேன். அதுல ஓடாப்னு ஒரு நஞ்சு, 1964ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பிரிச்செடுத்தாங்க, அது போய் உக்கார்றதும் இதே ஆம்பா ரிசப்டர்லதான். பஞ்ச காலத்துல மாசக்கணக்கா அதையே சாப்ட்ட ஏழைங்களுக்கு கால் விறைச்சு நடக்க முடியாம போயிருக்கு, பீகார் மத்தியப் பிரதேசம் பக்கமெல்லாம். ஆனா அது வேற நோய்ம்மா, இப்படி கை, தொண்டை, மூச்சுன்னு ஏறாதுன்னு சொன்னேன். அவங்க எந்திரிச்சு துவரம் பருப்பு டப்பாவ முறத்துல கொட்டி ஒவ்வொண்ணா தள்ளி பாக்க ஆரம்பிச்சாங்க. நானும் உக்காந்து பாத்தேன். எல்லாம் துவரைதான்.

ஜூன் 14

லிவர் டெஸ்ட் நார்மல். டாக்டர்கிட்ட அம்மா முன்னாடியே நேரா கேட்டேன். அவர் பேனாவ கீழ வச்சுட்டு அம்மாவ பாத்து, "நீங்க சமைச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா"ன்னாரு. வர்ற வழி பூரா ஆட்டோல அம்மா அழுதுட்டே வந்தாங்க, அப்பா வலது கையால அவங்க முழங்கைய பிடிச்சிட்டு வந்தாரு.

ராத்திரி தக்காளி ரசம். அப்பா ரெண்டாவது தடவ கேட்டு ஊத்திக்கிட்டாரு. பத்து மணி மாத்திரைக்கு அலாரம் வச்சிருக்கேன்.