குழு இசைத் தேர்வுக்குத் தயாராகிறீர்களா? தலைமை பற்றி முதலில் பேசிக்கொள்ளுங்கள்

தனியாக வாசித்துக் காட்டும் தேர்வுக்கு உங்கள் கை தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. குழுவாக மேடையேறும் தேர்வு அப்படி இல்லை, நீங்கள் வாசிக்காத நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் தேர்வாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். குரல், கீபோர்டு, கிட்டார், பேஸ் (கீழ்ச்சுர கிட்டார்), டிரம்ஸ் என்று ஐந்து பேராக இந்தத் தேர்வை முடித்தோம். அதில் எங்களுக்கு உண்மையிலேயே உதவியதை மட்டும் சொல்கிறேன்.

நன்றாக வாசிக்கிற ஒருவரைத் தலைவராக்கி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். ஒத்திகைக்கு நேரம் குறிக்க, இடம் பிடிக்க அப்படி ஒருவர் வேண்டும், சரி. ஆனால் மேடையில் தலைமை ஒரே இடத்தில் நிற்பதில்லை. தாளத்தை எண்ணித் தொடங்கி வைப்பது டிரம்மர், சரணத்தின் கடைசி வரியைப் பாடகர் நீட்டினால் எல்லோரும் அவர் மூச்சைக் கவனிக்க வேண்டும், இடையிசை வந்ததும் கீபோர்டு, முடிவில் யார் சைகை காட்டுகிறாரோ அவர். நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு, முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநரே இல்லாமல் வாசிக்கிறது, ஒவ்வொரு படைப்புக்கும் தலைமை கை மாறும். அதற்கும் முன்பே, 1922-இல், மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற பெரிய குழு இதைச் செய்து காட்டியது, ஒருவரையொருவர் பார்க்க வசதியாக அவர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள்.

எனவே பாட்டை பகுதி பகுதியாகத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இங்கே எல்லோரும் யாரைப் பார்க்க வேண்டும்" என்று ஒரே ஒரு பெயர் போடுங்கள். சில இடங்களில் இரண்டு பெயர் வரும், வாக்குவாதமும் வரும். வரட்டும், அந்த இடங்கள்தான் மேடையில் தடுமாறக்கூடியவை.

நிற்கும் இடத்தையும் ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும், பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி உங்கள் காதுக்கு வர 29 மில்லி நொடி ஆகிவிடும். கேட்டு வாசித்தால் தாமதமாகும், அவரும் உங்களைக் கேட்டு வாசித்தால் இன்னும் இழுக்கும். பேஸும் டிரம்ஸும் நெருக்கமாக, கண்ணுக்குக் கண் தெரியும்படி நிற்பது இதனால்தான்.

ஆனால் நேரம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், தவறிலிருந்து மீள்வதைப் பயிற்சி செய்யுங்கள் என்பேன். குழுக்கள் பாட்டை நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, சரியாக வரும்வரை ஒத்திகை பார்க்கின்றன, தேர்வில் நிறுத்த முடியாதே! நாங்கள் ஒத்திகையில் ஒருவரை ரகசியமாக ஒரு சரணத்தைத் தாண்டச் சொல்வோம், இல்லை நடுவில் வாசிப்பதை விடச் சொல்வோம், மற்றவர்கள் நிறுத்தாமல் சமாளிக்க வேண்டும். விதி எளிது: பாடகர் எங்கே இருக்கிறாரோ அதுதான் சரியான இடம், டிரம்மர் அடியை விடவே கூடாது, பேஸ் முதலில் போய்ச் சேர வேண்டும், மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறு செய்தவரைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. அந்தப் பார்வை தேர்வாளருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும், பாவம், வாசிப்பவரின் அடுத்த வரியையும் கெடுக்கும்.

விமர்சனத்துக்கு ஒரு வழி: ஒவ்வொரு ஒத்திகையையும் ஃபோனில் பதிவு செய்து சேர்ந்து கேளுங்கள், முதலில் அவரவர் பகுதியைப் பற்றி அவரவரே பேசட்டும். "நீ எப்பவும் ஓடுற" என்றால் சண்டைதான். "96-இல் தொடங்கினோம், இரண்டாவது சரணத்தில் 104 ஆகிவிட்டது" என்று மெட்ரோனோம் எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. பதற்றத்தில் வேகம் கூடுவது சகஜம், தேர்வன்று டிரம்மர் எண்ணுவதற்கு முன் மனதுக்குள் ஒரு வரி பாடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் வாய்மொழிக் கேள்விகள். எங்களிடம், இரண்டாவது சரணத்தில் கீபோர்டு ஏன் அமைதியாகிறது என்று கேட்டார்கள். கிட்டாரும் கீபோர்டும் ஒரே சுர எல்லையில் மோதிக் குரலை மறைத்ததால் அதை விடச் சொன்னது எங்கள் பேஸ் வாசிப்பவர், அதனால் அவரே பதில் சொன்னார். முடிவு யாருடையதோ அவரே பேசும்படி முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள், குறைவாகப் பேசுகிற உறுப்பினருக்கும் ஒரு கேள்வி நிச்சயம் வரும்.